‘அழகியும் மிருகமும்’ வீட்டுக்கு வந்த கதை: பழைய படத்தை மீட்டெடுப்பது என்றால் என்ன?

இருண்ட, நீளமான ஒரு கூடம். சுவரிலிருந்து மனிதக் கைகள் நீண்டு நிற்கின்றன. ஒவ்வொரு கையிலும் ஒரு கிளைவிளக்கு. காட்டில் வழி தவறி வந்த வியாபாரி தயங்கித் தயங்கி நடக்க, மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாகத் தாமே பற்றிக்கொள்கின்றன. ஆள் அரவம் இல்லை. சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தால், அங்கே இன்னொரு கை எழுந்து அவருக்கு ஒயின் ஊற்றுகிறது.

பிரெஞ்சுக் கவிஞர் ழான் கொக்தோ இயக்கி 1946-இல் வெளிவந்த ‘லா பெல் எ லா பெத்’ படத்தின் காட்சி இது. பெயரைத் தமிழில் சொன்னால் ‘அழகியும் மிருகமும்’. டிஸ்னியின் 1991 கார்ட்டூன் வழியாக நம்மில் பலருக்குத் தெரிந்த அதே கதைதான். மதாம் லெப்ரான்ஸ் தெ பொமோன் 1756-இல் எழுதிய சிறுவர் கதையை கொக்தோ எடுத்துக்கொண்டார். அழகியைச் சுற்றிச் சுற்றி வரும் அவெனான் என்ற இளைஞனைத் தாமாகச் சேர்த்தார்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது நகலுக்கு நகல் எடுத்த ஒரு டிவிடியில். கறுப்பெல்லாம் ஒரே சேறு. கொக்தோ வேண்டுமென்றே இப்படி எடுத்திருக்கிறார் போலும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சில வருடங்கள் கழித்து பிளூ-ரேயில் பார்த்தபோதுதான், அந்தச் சாப்பாட்டு அறையில் கணப்பின் இருபுறமும் இருக்கும் கற்சிலைகள் கல் அல்ல, உயிருள்ள முகங்கள் என்பதே தெரிந்தது. கண்ணை உருட்டி வியாபாரியைப் பார்க்கின்றன, மூக்கிலிருந்து புகை விடுகின்றன. படத்தின் மிக நல்ல மாயங்களில் ஒன்று, எனக்கு வந்த நகலில் கண்ணுக்கே படவில்லை.

இரண்டு தட்டுகளிலும் ஒரே படம்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்? அட்டையில் ‘ரெஸ்டோர்டு’, ‘புதிய 4கே ரெஸ்டோரேஷன்’ என்றெல்லாம் போடுகிறார்களே, அப்படி என்னதான் செய்கிறார்கள்? இந்த ஒரு படத்தை வைத்தே பார்ப்போம். பாடம் படிக்க இதைவிட நல்ல படம் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் பிறக்கும்போதே இது நோஞ்சான் குழந்தை.

படப்பிடிப்பு தொடங்கியது 1945 ஆகஸ்டில். உலகப்போர் அப்போதுதான் முடிகிறது. பிரான்சில் எதுவும் கிடைக்காத காலம். மின்சாரம் போய்ப் போய் வரும். பழைய கேமராக்கள் நடுவில் சிக்கி நின்றுவிடும். படச்சுருள் கிடைத்ததே பெரிய விஷயம். கிடைத்ததிலும் ஒரு தொகுப்பு மாதிரி இன்னொன்று இருக்காது. பண்ணை முற்றத்தில் துணி காயப்போடும் காட்சிக்காக, ஒட்டுப் போடாத படுக்கை விரிப்புகளைத் தேடி அலைந்திருக்கிறார்கள். அழகியின் கட்டிலுக்குக் கட்டியிருந்த திரைச்சீலையை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்! இதற்கு நடுவே கொக்தோவுக்குக் கடுமையான தோல் நோய் வந்து மருத்துவமனையில் படுத்துவிட, தொழில்நுட்ப ஆலோசகராக இருந்த ரெனே கிளெமான் வேலையை ஓட்டினார். மிருகமாக நடித்த ழான் மரேவுக்கோ தினமும் ஒப்பனைக்கே ஐந்து மணி நேரம்: முகத்துக்கு மூன்று, ஒவ்வொரு கைக்கும் ஒரு மணி நேரம்.

கஷ்டங்களைப் பட்டியல் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சுருள் விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள், பிற்பாடு அது முக்கியமாகப் போகிறது.

சரி, படச்சுருள் என்பது என்ன? ஒரு பிளாஸ்டிக் நாடா, அதன் மேல் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூச்சு. ஒளி பட்ட இடத்தில், கழுவிய பிறகு, நுண்ணிய வெள்ளித் துகள்கள் கறுப்பாகத் தங்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கும் முகம், மேகம், கோட்டை எல்லாமே இந்தத் துகள்களின் கூட்டம்தான். உற்றுப் பார்த்தால் படம் முழுக்க மணல் மாதிரி ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். அதைத்தான் ‘கிரெய்ன்’ என்கிறார்கள். அது அழுக்கு அல்ல. படமே அதனால் ஆனது.

கேமராவுக்குள் ஓடிய, வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிந்த சுருள்தான் மூல நெகடிவ். உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான். தியேட்டர்களுக்குப் பிரிண்ட் போட ஒவ்வொரு முறையும் அதையே ஓட்டினால் கிழிந்துபோகும். ஆகவே அதிலிருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகடிவ், அதிலிருந்து பிரிண்ட் என்று போகும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் வெளுப்பு இன்னும் வெளுக்கும், கறுப்பு இன்னும் கறுக்கும், நடுவில் இருக்கும் சாம்பல் படிகள் காணாமல் போகும். என் டிவிடியில் சிலைகளின் கண்கள் தொலைந்தது அந்தச் சாம்பலில்தான்.

போதாக்குறைக்கு, 1950-களின் தொடக்கம் வரை 35 மி.மீ. சுருள்களில் பெரும்பாலானவை செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. பார்க்க அழகு, வைத்துக்கொள்ள ஆபத்து. தீப்பிடித்தால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும், ஏனென்றால் எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. தீப்பிடிக்காவிட்டாலும் வருடக்கணக்கில் சுருங்கும், பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பழுப்புப் பொடியாகப் போகும். குளிரூட்டிய அறையில் வைத்தால் இந்தச் சாவைத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது.

மீட்டெடுப்பின் முதல் வேலை கம்ப்யூட்டரில் நடப்பதில்லை. உலகத்தில் எங்கெங்கே என்னென்ன பிரதி மிஞ்சியிருக்கிறது என்று தேடுவதுதான் தொடக்கம். மூல நெகடிவ் இருக்கிறதா? அதில் எந்த ரீலாவது கெட்டுப்போயிருக்கிறதா? கெட்டிருந்தால் அந்த இடத்தை நிரப்ப எந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் நல்ல நகல் இருக்கும்? ஓலைச்சுவடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாடபேதம் பார்த்து ஒரு நூலைப் பதிப்பிப்பது மாதிரியான வேலை. எந்தச் சுவடியை நம்புவது என்பதிலேயே பாதிப் பதிப்பு முடிந்துவிடும்.

அப்புறம் கைவேலை. பல்சக்கரம் பிடிக்கும் ஓரத்துளைகள் கிழிந்திருந்தால் ஒட்டுவார்கள், பழைய ஒட்டுகளைப் பிரித்துத் திரும்பப் போடுவார்கள், சுருளைக் கழுவுவார்கள். பிறகு ஸ்கேன். சுருங்கிய சுருளை இழுத்துக் கிழிக்காமல் பூப்போல நகர்த்தும் ஸ்கேனர்கள் இருக்கின்றன. கீறல்களுக்கு ஒரு அழகான உபாயமும் உண்டு: சுருளை ஒரு திரவத்தில் நனைத்தபடியே ஸ்கேன் செய்வது. கண்ணாடி மேல் கோடு விழுந்திருந்தால் தண்ணீர் தெளித்ததும் கோடு மறைந்துவிடுகிறதல்லவா, அதே தத்துவம். திரவம் பள்ளத்தை நிரப்பி, ஒளி சிதறாமல் பார்த்துக்கொள்கிறது.

ஸ்கேன் முடிந்ததும் படம் கோப்புகளாக மாறுகிறது, ஒரு பிரேமுக்கு, அதாவது சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப் படத்துக்கும், ஒரு கோப்பு. நொடிக்கு 24 பிரேம். படம் சுமார் 93 நிமிடம். பெருக்கிப் பாருங்கள், 1,33,920 வரும். இத்தனை படங்களையும் யாரோ ஒருவர் பார்த்தாக வேண்டும். எல்லாவற்றையும் கையால் திருத்த முடியாதென்பதால் மென்பொருள் உதவிக்கு வருகிறது. உண்மையான தகராறும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மென்பொருள் தூசியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முந்தைய பிரேமிலும் இல்லை, அடுத்த பிரேமிலும் இல்லை, இந்த ஒரு பிரேமில் மட்டும் ஒரு புள்ளி இருந்தால் அது தூசி என்று முடிவுகட்டி, பக்கத்துப் பிரேமிலிருந்து அந்த இடத்தை எடுத்து ஒட்டிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு கணம் மட்டும் இருந்து மறையும் எல்லாமே தூசியா? வைரத்தின் மினுக்கு? மெழுகுவர்த்திச் சுடரின் நுனி? வேட்டையாடிவிட்டு வரும் மிருகத்தின் கைகளிலிருந்து புகை எழும்பும், இந்தப் படத்தில் மறக்க முடியாத ஒன்று அது. அசட்டையாக விட்டால் இயந்திரம் இவற்றையும் ‘சுத்தம்’ செய்துவிடும். அதனால் நல்ல மீட்டெடுப்புக் கூடங்களில் இயந்திரம் செய்ததை ஆள் உட்கார்ந்து சரிபார்த்து, தவறாக அழித்ததைத் திரும்பக் கொண்டுவருவார்கள். தட்டின் விலையில் ஒரு பங்கு அந்த ஆளின் கண்ணுக்குத்தான் போகிறது.

புள்ளியிலும் ஒரு துப்பு இருக்கிறது. திரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் தூசி ஒட்டியது நெகடிவ்வில். கறுப்புப் புள்ளி என்றால் பிரிண்டில். நெகடிவ்வில் தூசி மறைத்த இடம் பிரிண்டில் வெளுப்பாக விழும், அவ்வளவுதான் கணக்கு. அடுத்த முறை ஏதாவது பழைய படம் பார்க்கும்போது கவனியுங்கள், அழுக்கு எந்தத் தலைமுறையில் சேர்ந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது அந்தச் சுருள் விஷயத்துக்கு வரலாம். ஒளிப்பதிவாளர் ஆன்ரி அலெக்கான். மாயக்கதை என்றால் எல்லாம் பனிமூட்டமாக, லென்ஸில் வாசலைன் தடவியது மாதிரி இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் பலர் நினைத்தார்கள். கொக்தோவுக்கு அது பிடிக்கவில்லை. விளிம்புகள் கூர்மையாக, செய்திப்படம் மாதிரி தெளிவாக இருந்தால்தான் நம்ப முடியாததை நம்புவார்கள் என்பது அவர் கட்சி. வியாபாரியின் வீட்டுக் காட்சிகளுக்கு வெர்மீர் போன்ற டச்சு ஓவியர்களின் வெளிச்சமும், கோட்டைக்குக் குஸ்தாவ் தொரே என்ற ஓவியர் வரைந்த சித்திரங்களின் இருட்டும் மாதிரியாக இருந்தன. ஆனால் கையில் இருந்ததோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத சுருள்கள். எவ்வளவு பாடுபட்டாலும் ஒரு ஷாட் வழவழப்பாகவும் அடுத்த ஷாட் சொரசொரப்பாகவும் வரத்தான் செய்யும்.

மீட்டெடுப்பவர் இதை என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் ஒரே மாதிரி தேய்த்து மழுப்பிவிடலாம். பித்தானை அமுக்கினால் போதும். சில கம்பெனிகள் பழைய படங்களை அப்படிச் செய்து, முகமெல்லாம் மெழுகுப் பொம்மை மாதிரி ஆக்கி விற்றிருக்கின்றன. என்னைக் கேட்டால் அது துரோகம். கிரெய்னைத் துடைத்தால் கூடவே துணியின் நெசவு, தோலின் துளைகள், மிருகத்தின் முகத்து மயிர் எல்லாம் போகும். மரேயின் முகமூடியில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகப் பின்னப்பட்டது. அதை அழித்துவிட்டு எதைத்தான் பார்ப்பது? அதோடு, 1945-இல் படம் எடுத்தவர்களிடம் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதற்கு அந்தச் சொரசொரப்பே சாட்சி. மீட்டெடுக்க வேண்டியது முதல் நாள் தியேட்டரில் உட்கார்ந்தவர்கள் பார்த்ததை. அவர்கள் பார்த்ததைவிடப் பளபளப்பாக ஆக்கிக் காட்ட நமக்கு உரிமை இல்லை.

தந்திரக் காட்சிகளுக்கும் இதே கேள்வி வரும். இந்தப் படத்து மாயமெல்லாம் கைத்தொழில். மெழுகுவர்த்திகளை எரிய விட்டு, ஒவ்வொன்றாக அணைத்து, அதைப் பின்னோக்கி ஓட்டினால் தாமாகப் பற்றிக்கொள்ளும். சுவருக்குப் பின்னால் ஆட்கள் நின்று துளை வழியாகக் கையை நீட்டினார்கள். அழகி தாழ்வாரத்தில் கால் அசையாமல் மிதந்து வருகிறாளே, அவள் நிற்பது சக்கரம் வைத்த பலகையில். படம் மிகத் தெளிவாகும்போது இப்படிப்பட்ட ஒட்டுவேலைகள் சில இடங்களில் லேசாகக் கண்ணில் படும். அதையும் கம்ப்யூட்டரில் மறைத்துவிடலாமே என்று தோன்றும். பொறுப்பான மீட்டெடுப்பாளர்கள் கை வைக்க மாட்டார்கள். காலம் சேர்த்த சேதத்தைத்தான் நீக்குவார்கள், இயக்குநர் விட்டுவைத்ததை அல்ல.

ஒலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஒலி, படத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய ஒளிக்கோடாகவே பதிவாகியிருக்கும். கோட்டில் கீறல் விழுந்தால் காதில் ‘படபட’. அதை நீக்கலாம். அடியில் ஓடும் இரைச்சலை முழுக்க நீக்கினால் குரல்களும் மூச்சடைத்துப்போகும், அதனால் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். ழோர்ஜ் ஓரிக்கின் இசையும் மரே தன் குரலைக் கரகரப்பாக்கிப் பேசும் வசனமும் அந்த மெல்லிய இரைச்சலின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

வீட்டுக்கு வந்த வரலாறு இனி. அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம், டிவிடிக்கு முந்தைய பெரிய தட்டான லேசர்டிஸ்க் காலத்திலேயே இதை வெளியிட்டது. 1998-இல் டிவிடி போட ஆரம்பித்தபோது அவர்கள் வரிசையில் ஆறாம் எண் இந்தப் படத்துக்கு. 1995-இல், சினிமா நூற்றாண்டை ஒட்டி, லக்சம்பர்க்கில் ஒரு மீட்டெடுப்பு நடந்திருந்தது. 2003-இல் கிரைட்டீரியன் புதிய டிவிடியும் 2011-இல் பிளூ-ரேயும் வந்தன. அதற்குப் பிறகு, 2013-இல், பாரிஸின் திரைப்படக் காப்பகமான சினமாதெக் பிரான்சேஸ் பங்கெடுத்த டிஜிட்டல் மீட்டெடுப்பு ஒன்றும் வந்தது. ஒரே படம்தான், ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிப்பு. ‘ரெஸ்டோர்டு’ என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்காமல் எந்த வருடத்து மீட்டெடுப்பு என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

கிரைட்டீரியன் தட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 1994-இல் இந்தப் படத்தின் ஒலியை முழுக்க எடுத்துவிட்டு, நடிகர்களின் உதட்டசைவுக்குப் பொருந்தும்படி ஒரு முழு ஓபெராவை எழுதினார். மேடையில் பாடகர்கள் பாட, பின்னால் திரையில் படம் ஓடும். அந்த ஓபெராவையே தட்டில் இன்னொரு ஒலித்தடமாக வைத்திருக்கிறார்கள். ரிமோட்டில் ஒரு பித்தானை அமுக்கினால் மிருகம் பேசுவதை விட்டுவிட்டுப் பாட ஆரம்பிக்கும். முதல் தடவையே அதைப் போடாதீர்கள்; படத்தைப் பார்த்து முடித்துவிட்டு வாருங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தட்டுகளுக்குப் பிராந்தியப் பூட்டு உண்டு. டிவிடியில் அமெரிக்கா 1, ஐரோப்பா 2, இந்தியாவும் இலங்கையும் 5. பிளூ-ரேயில் அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. அமெரிக்கத் தட்டை ஆசையாக வரவழைத்து, இங்கே வாங்கிய பிளேயரில் போட்டால் ஓடாமல் போகலாம். எல்லாப் பிராந்தியத்தையும் படிக்கும் பிளேயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐரோப்பிய டிவிடியில் இன்னொரு குட்டி வில்லங்கம்: அங்கே தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 பிரேம். 24-இல் எடுத்த படத்தை 25-இல் ஓட்டுவதால் 93 நிமிடப் படம் 89 நிமிடத்தில் முடிந்துவிடும். காட்சி எதையும் வெட்டவில்லை, எல்லோரும் நாலு சதவீதம் அவசரப்படுகிறார்கள். குரலும் ஒரு இழை உயர்ந்துவிடும். பிளூ-ரேயில் 24-ஆகவே வைக்க முடிகிறது என்பதால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டுத் தட்டில் ஏற்றியதை, கடைசியில் கெடுப்பது நம் வீட்டு டிவிதான். புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் ஒரு வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பிரேமுக்கு நடுவில் இல்லாத பிரேமை அதுவே கற்பனை செய்து சொருகும். கிரிக்கெட்டுக்குப் பரவாயில்லை. அழகி கோட்டைக்குள் நுழைந்து, அங்கி அலைபாய, மெதுவான அசைவில் ஓடிவரும் காட்சிக்கு அது ஆகாது, கனவு சீரியலாகிவிடும். அமைப்புகளுக்குப் போய் அதை அணையுங்கள். கூர்மையைக் கூட்டும் எண்ணையும் இறக்குங்கள். படம் சதுரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தில்தான் எடுக்கப்பட்டது, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பது சரிதான். அதை நிரப்புகிறேன் பேர்வழி என்று இழுத்துவிடாதீர்கள். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள், இருட்டை இருட்டில்தான் பார்க்க முடியும்.

படம் தொடங்கியதும் கொக்தோ ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் பெயர்களை எழுதுவார். பிறகு கிளாப் பலகை வரும், ‘ஒரு நிமிடம்’ என்று நிறுத்துவார், குழந்தைகளைப் போல நம்பும்படி நம்மிடம் கையெழுத்தில் கேட்டுக்கொள்வார், ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று கதை ஆரம்பிக்கும். அந்த முதல் சாக்பீஸ் கோட்டை உற்றுப் பாருங்கள். வெள்ளை வழவழவென்று ஒழுகியிருந்தால் உங்கள் பிரதி நாலாவது ஜெராக்ஸ். பலகையின் சொரசொரப்பில் சாக்பீஸ் உராய்ந்த தடம் தெரிந்தால், சாப்பாட்டு அறைக் காட்சியில் சிலைகளின் கண்களும் தெரியும்.